கத்தரி எவ்வளவு தின்னும்

மாம்பழக்கூழ் டின்கள் அடைத்து வந்த பெட்டிகள்.
திம்மராஜின் மாமா காவேரிப்பட்டணத்தில் லோடு ஏற்றுகிறவர்,
எக்செல்லின் பின்னால் கட்டி அனுப்பியிருந்தார்.
ஒரு பக்கம் தோதாபுரி படம்,
மறுபக்கம் 'இது மேலே' என்று ஓர் அம்பு.
அம்பைக் கீழே போட்டுத்தான்
ஆறாம் வகுப்பு மொத்தமும் உட்கார்ந்தது.

வாரத்தில் மூன்று அரை நாள் எனக்கு.
பர்கூர் பேருந்து பிந்தினால்
அந்த அரையிலும் கால் போய்விடும்.
வந்த வேகத்தில் பலகையில் எழுதினேன்:
நீளம் பன்னிரண்டு, அகலம் எட்டு, உயரம் ஐந்து.
சாக்பீஸ் பெட்டி. மூடியோடு.

அளக்கும்போதுதான் தெரிந்தது,
பதினேழு ஸ்கேல் என்றால் பதினேழு நாடு.
மாதம்மாளுடையது வெயிலில் வளைந்தது.
சீனப்பன் கொண்டுவந்தது அம்மாவின் தையல் டேப்,
அதில் அவன் பார்த்தது அங்குலப் பக்கம்;
அவன் பெட்டியில் ஓர் ஆட்டுக்குட்டி படுக்கலாம்.
ருக்சானாவின் ஸ்கேலில் பூஜ்யம் உடைந்து
உலகமே ஒன்றில்தான் தொடங்குகிறது.
"எறிஞ்சிடவா டீச்சர்?"
வேண்டாம். ஒன்றில் தொடங்கு, பதின்மூன்றில் நிறுத்து.
விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு
என்னை ஒரு தினுசாய்ப் பார்த்தாள்,
ஏமாற்றச் சொல்லித் தருகிறேனோ என்று.

நான்கே கத்தரி. வரிசை, தள்ளுமுள்ளு.
நாகவேணி மட்டும் தன் முறை வந்தும் வெட்டவில்லை.
கத்தரியைக் கோட்டின் மேல் வைத்துக்கொண்டு கேட்டாள்:
"இது எவ்வளவு தின்னும்?"

அவள் அப்பாவுக்கு ஜெகதேவி சாலையில்
கிரானைட் அறுக்கும் வேலை.
அங்கே பிளேடு நாலு மில்லி தின்னுமாம்.
பத்து முறை அறுத்தால் நாலு சென்டிமீட்டர் கல்
சேறாகி வாய்க்காலில் போகுமாம்.
அதையும் சேர்த்துத்தான் கோடு போடணுமாம்.
போடாவிட்டால் கடைசிப் பலகைக்குக்
கல் மிச்சமிருக்காது, திட்டுதான் இருக்கும்.

நான் படித்த படிப்பில்
இந்தக் கேள்வி வந்ததில்லை.
வெட்டித்தான் பாரேன், என்றேன்.

வெட்டினாள்.
இரண்டு துண்டையும் பழையபடி சேர்த்து வைத்தாள்.
அளந்தாள். திரும்ப அளந்தாள்.
தரையில் குனிந்து தூள் இருக்கிறதா என்று தடவினாள்.
"ஒண்ணுமே தின்னலை டீச்சர்."
வீட்டில் சொல்ல மறக்காமலிருக்க
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்:
கத்தரி – 0.

அடுத்தது ஒட்டல்.
சத்துணவுக் கூடத்தில் காய்ச்சிய மைதாப் பசை,
சூடு ஆறும் முன்பே யாரோ நக்கிப் பார்த்தாயிற்று.
சுவர்களைத் தூக்கி நிறுத்துகிறார்கள்,
விளிம்போடு விளிம்பு முட்டி நிற்கிறது,
பசை தடவ இடமே இல்லை.
"நீங்க சொன்ன அளவுக்குத்தானே வெட்டினோம்?"
அப்படித்தான் வெட்டியிருந்தார்கள்.
ஒட்டுக்கு ஒரு விரல்கடை விடச் சொல்ல
நான்தான் மறந்திருந்தேன்.
மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசிப்பதற்குள்
மாதம்மாள் கழிவுக் குவியலில் துண்டுகள் பொறுக்கி
மூலைக்கு மூலை உள்பக்கம் வைத்து ஒட்ட ஆரம்பித்திருந்தாள்.
பெட்டிகள் நின்றன,
பல் கட்டிய வாய் போல.

மூடி யாருக்கும் ஏறவில்லை.
அதே பன்னிரண்டு, அதே எட்டு,
அழுத்தினால் பெட்டி கூம்புகிறது.
திம்மராஜ் மேலே ஏறி உட்காரப் பார்த்தான்.
நாகவேணி அட்டையின் விளிம்பைக் கண்ணருகே கொண்டுபோனாள்,
நடுவில் அலை அலையாய் ஓடும் அந்தக் காகிதத்தை.
"கத்தரி தின்னலை. அட்டைதான் தின்னுது.
இந்தப் பக்கம் மூணு மில்லி, அந்தப் பக்கம் மூணு."
பன்னிரண்டரைக்கு மேல் இரண்டு மில்லி வைத்து
இன்னொரு மூடி வெட்டினாள்.
கொஞ்சம் லொடலொடவென்றுதான் உட்கார்ந்தது.

மணி அடித்துவிட்டது.
மீதி மூடிகள் புதன்கிழமைக்கு.

புதன்கிழமை எல்லாப் பெட்டியிலும் எறும்பு.
பசையைப் பாதி தின்றிருந்தது.
நாகவேணி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்:
அப்பா நம்பவில்லையாம்.
வெட்டினால் ஏதாவது போய்த்தானே ஆகணும் என்கிறாராம்.
ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து
அவரே வெட்டிப் பார்க்கணுமாம்.

இருந்த நான்கில் ஒன்றை
ரஃப் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
கொடுத்தனுப்பினேன்.
அட்டையில் ஒரு துண்டும்.